மூன்றாம் வீட்டுக் குழாய்

அக்டோபர் 6, திங்கள்

தமயந்தி ஓசூரிலிருந்து பேசினாள். என் மகள் நலம் விசாரிக்க ஆரம்பித்தாலே எங்கே போய் முடிப்பாள் என்று எனக்குத் தெரியும். வீடுகளை விற்றுவிட்டு ஓசூருக்கு வந்துவிட வேண்டுமாம். வாங்குவதற்கு ஆளும் பார்த்து வைத்திருக்கிறாளாம்.

கருமண்டபத்தில் இந்த மனையை வாங்கி, முன்னால் எங்களுக்கு ஒரு வீடும் பின்னால் வரிசையாக மூன்று சின்ன வீடுகளும் கட்டியது நான். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக ஏறி இறங்கிச் சம்பாதித்த காசு. கட்டியது நான் என்றாலும் நடத்தியது என் மனைவி மங்கைதான். வாடகை வாங்குவது, குழாய் ரிப்பேர், குடியிருப்பவர்கள் சண்டை எல்லாம் அவள் பாடு. ஓய்வுபெற்ற பிறகும் நான் ஒரு கல்லூரியின் பஸ் ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏப்ரலில் மங்கை இறந்துபோனதும் அதையும் விட்டேன்.

ரொம்ப நேரம் வாதாடிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். தை பிறக்கும்போது மூன்று வீட்டிலும் ஆள் இருக்க வேண்டும். ஒன்று காலியாக இருந்தாலும் விற்றுவிட்டு நான் ஓசூர் போக வேண்டும். சரி என்றேன். ஒரு பஸ் முழுக்க டிக்கெட் பார்த்தவனுக்கு மூன்று வீடு பார்க்கத் தெரியாதா?

ராத்திரி வாசல் ஈசிசேரிலேயே படுத்தேன். உள்ளே ஒரே புழுக்கம்.

அக்டோபர் 9, வியாழன்

இரண்டு நாளாக மங்கையின் நிர்வாகத்தை ஆராய்ந்தேன். நிர்வாகம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஒருவருடைய ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. ஆளுக்கொரு தேதியில் வாடகை. இனி எல்லோருக்கும் ஐந்தாம் தேதி என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் வீட்டு ரெஜினா டீச்சர் சிரித்துக்கொண்டே, அவர் பள்ளிக்கூடத்தில் சம்பளமே பத்தாம் தேதிதான் போடுகிறார்கள், அம்மாவுக்கு அது தெரியும் என்றார். பத்தாம் தேதி ஆயிற்று.

இங்கே எதற்கெடுத்தாலும் அம்மாவுக்குத் தெரியும்.

அக்டோபர் 13, திங்கள்

தண்ணீர் பத்தவில்லை. காலையில் தொட்டியை நிரப்பினால் மதியத்துக்குள் காலி. கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு வீட்டுக் குழாயையும் மூடித் திறந்து பார்த்தேன். மூன்றாம் வீட்டில்தான் தண்ணீர் அதிகம் போகிறது. குணாளன் ஒரு பட்டறையில் வெல்டர், மனைவி சித்ரலேகா வீட்டிலேயே துணி தைக்கிறாள். பிள்ளை இல்லை. இரண்டு பேர் அப்படி என்னத்தைக் கழுவுகிறார்கள்?

இன்று கற்றது: தண்ணீர் பொய் சொல்லாது. எந்த வீட்டில் எத்தனை பேர் என்று ஓனருக்கு அதுதான் சொல்லும்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி மழை இன்றுதான் விட்டது. இரண்டாம் வீட்டுக் குளியலறைச் சுவர் ஊறிவிட்டதாகச் சிவநேசன் வந்து நின்றான். அவன் மனைவி தேவிகாவுக்கு இது ஐந்தாம் மாதம், சுவரில் பூசணம் பூத்தால் அவளுக்கு ஆகாது என்றான். நியாயம்தான். கொத்தனாரைக் கூப்பிடும் முன் மொட்டை மாடிக்கு நானே ஏறிப் பார்த்தேன். மழைநீர்க் குழாய் வாயில் வேப்பிலையும் ஒரு பால் கவரும் அடைத்திருந்தன. கையை விட்டு எடுத்ததும் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் இறங்கியது. கொத்தனாராக இருந்தால் தளத்தையே பெயர்த்துப் போட்டிருப்பான்.

மேலே நின்றதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்றாம் வீட்டின் பின்கட்டுக் கொடியில் நனைந்த போர்வைகள், இரண்டு பெரிய வேட்டி, தொளதொளவென்று ஒரு சட்டை. குணாளன் ஒல்லிக்குச்சி. அந்தச் சட்டைக்குள் இரண்டு குணாளன் நுழையலாம்.

அக்டோபர் 27, திங்கள்

தெளிவாகிவிட்டது. உள்வாடகை விட்டிருக்கிறார்கள். பின் அறை ஜன்னல் பகலெல்லாம் மூடியே கிடக்கிறது. அப்படியானால் எவனோ ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறான். பின்பக்கச் சந்து வழியாக வந்து போவான் போலிருக்கிறது.

சிவநேசனிடம் கேட்டேன். வானத்தைப் பார்த்து, இன்னிக்கும் மழை வரும் போல சார் என்றான். ரெஜினா டீச்சரிடம் கேட்டேன். நான் கேட்டு முடிக்கும் முன்பே தெரியாது என்றார். பஸ்ஸில் நான் ஏறியதும் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

நவம்பர் 3, திங்கள்

செக்கிங்குக்கு ஒரு முறை உண்டு. எதிர்பார்க்கிற ஸ்டாப்பில் ஏறக் கூடாது. குணாளன் பட்டறைக்குப் போய், சித்ரலேகா தைத்த துணியைக் கொடுக்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, கையில் ஸ்பானரோடும் சட்டைப் பையில் ஒரு வாஷரோடும் மூன்றாம் வீட்டுக்குப் போனேன். குழாய் சொட்டுகிறது, வாஷர் மாற்ற வந்தேன் என்று சொல்ல ஏற்பாடு. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மங்கை வைத்திருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தேன்.

பின் அறைக் கட்டிலில் ஒரு பெரிய மனிதர் கிடந்தார். பெரிய மனிதர் என்றால் உருவத்தில். எழுபது வயதிருக்கும். வலது கை துவண்டு வயிற்றின் மேல் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து அவர் பயப்படவில்லை. பயந்தது நான்தான்.

"வாங்க செக்கரய்யா," என்றார். பேச்சு குழறினாலும் புரிந்தது. "நான் டிக்கெட் எடுக்கல. புடிச்சுட்டீங்க."

யார் என்று கேட்டேன். குணாளனின் அப்பாவாம், பெயர் கண்ணுச்சாமி. லாரி ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார் என்றால் இந்த ஊரில் எந்த ஓனரும் வீடு கொடுப்பதில்லை. நானும் கொடுத்திருக்க மாட்டேன். ஒன்றரை வருடமாக ஓனரை ஏமாற்றியிருக்கிறீர்களா என்று குரலை உயர்த்தினேன்.

"ஓனரம்மாதானே கொண்டாரச் சொன்னிச்சு," என்றார். "அவரு குதிப்பாரு, நானே சமயம் பாத்து சொல்லிக்கிறேன்னிச்சு. தெனம் ரசஞ்சோறு கொண்டாந்து குடுக்கும். சொல்றதுக்குள்ள அது போயிருச்சு."

வாஷர் மாற்றாமலே வந்துவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மோட்டார் போட்டேன். எழுத வேறொன்றும் இல்லை.

நவம்பர் 5, புதன்

எழுத இருக்கிறது. போன வருடம் முழுக்க மங்கை வைத்த ரசத்தில் உப்பே இருக்காது. நாக்கு செத்துப்போச்சா உனக்கு என்று நான் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். எந்த டாக்டர், யாருக்குச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் சப்பென்ற ரசத்தைக் குடித்தேன். ஒரே பானையில் அந்த ஆளுக்கும் சேர்த்து வைத்திருக்கிறாள்.

முதல் வீட்டுக்குத் தெரியும், இரண்டாம் வீட்டுக்குத் தெரியும். ஓனருக்கு மட்டும் தெரியாது. எனக்குக் கோபம் குணாளன் மேல்தான். வேறு யார் மேலும் இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

குணாளனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். கார்த்திகைக்குள் காலி செய்ய வேண்டும். மார்கழியில் யாரும் புதுவீடு குடிபோக மாட்டார்கள். அதற்கு முன் காலியானால்தான் தைக்குள் வேறு ஆள் பிடிக்க முடியும். அவன் தலையை மட்டும் ஆட்டினான். நல்ல பையன்தான். ஆனால் ஓனர் என்றால் உறுதி வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

மூன்றாம் வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். அந்த ஆள் விழித்திருந்தார். அரசு பஸ்காரர்கள் எல்லாம் நடு ரோட்டில் நிறுத்தி ஆள் ஏற்றுகிறவர்கள் என்று பழித்தார். லாரிக்காரர்கள் இண்டிகேட்டர் போட்டு நான் பார்த்ததே இல்லை என்றேன். வேலை முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

நவம்பர் 12, புதன்

மாற்றிய வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். உட்கார்ந்திருக்கிறது.

நவம்பர் 15, சனி

மறுபடி பார்த்தேன். வாஷர் நன்றாகவே இருக்கிறது. பாடாலூர்ப் பக்கம் ஒரு கடையில் நெய் ரோஸ்ட் எப்படி இருக்கும் என்பதில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. சித்ரலேகா எனக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

அந்த அறை ஜன்னலை ஏன் மூடி வைக்கிறீர்கள் என்று அவளைக் கேட்டேன். நீங்கள் பார்த்துவிடுவீர்கள் என்றுதான் என்றாள். இனி திறந்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, காலி செய்கிற வரைக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

நவம்பர் 21, வெள்ளி

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் ஆகிறது. குணாளன் வீடு தேடுவதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. செப்டிக் டேங்க் வண்டியை வரச்சொல்லி இறைத்தாயிற்று. மூடியை மாற்ற வேண்டும். பழைய மூடியைத் தூக்கிப் பிடிக்கத் தனியாக முடியவில்லை, சிவநேசன் வந்து கை கொடுத்தான். ஓனர் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் நடக்காது.

நவம்பர் 26, புதன்

கண்ணுச்சாமிக்கு மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். இன்று அனுப்பிவிட்டார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம் டாக்டர். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் சிவநேசன் என் வாசலுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவரு இங்க இருக்கறதுக்கு நான் என்னிக்காவது ஒண்ணு சொல்லிருக்கனா சார்? போறது இங்க வேணாம். நடுவுல ஒரே செவுரு. புள்ளத்தாச்சி பொண்ண வச்சிருக்கேன்."

அவனுக்கு அது மூடநம்பிக்கை என்று நான் பிரசங்கம் பண்ணவில்லை. அவர்களுக்கு ஒரு பிள்ளை ஏற்கெனவே தங்காமல் போயிருக்கிறது, அந்தப் பயம் அவனுக்கு. சரி, காலி செய்துகொண்டு போய்விடலாம் என்றால் அதுவும் முடியாது. மாசமாக இருக்கும்போது வீடு மாற மாட்டார்கள். பாவம், இருக்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றான். இரண்டு நாளில் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

நவம்பர் 27, வியாழன்

காலையில் குணாளன் வந்தான். சிவநேசன் சொன்னது அவன் காதுக்கும் போயிருக்கிறது. ஊரில் இருந்த வீட்டை அப்பாவின் வைத்தியத்துக்கே விற்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுக்கப் போவதாகச் சொன்னான். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"நடந்துச்சுன்னா அங்கேருந்து ஆம்புலன்ஸ்ல நேரா ஓயாமரி சுடுகாட்டுக்குக் கொண்டு போயிடுறோம் சார். உங்க வாசல்ல எறக்க மாட்டோம்."

ஒரு மனிதர் நாற்பது வருடம் லாரி ஓட்டி ஊரெல்லாம் சரக்கு இறக்கியிருக்கிறார். அவரை இறக்க ஒரு வாசல் இல்லையாம். மங்கை ஆஸ்பத்திரியில்தான் போனாள். வண்டி வந்து நின்றதும் அவளை இறக்கிக் கூடத்தில் படுக்க வைத்தோம். தெருவே வந்து பார்த்தது. அது சொந்த வீடு என்பதால் நடந்தது என்று நான் அன்று நினைக்கவே இல்லை.

கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் போனபிறகு குணாளனும் இங்கே இருக்கப் போவதில்லை. சாவு விழுந்த வாடகை வீட்டுக்கு ஒரு வருடம் ஆள் வராது. தை பிறக்கும்போது மூன்றாம் வீடு காலியாகத்தான் கிடக்கும். தமயந்தி விடமாட்டாள், ஓசூர்தான்.

இருக்கட்டும். லாட்ஜும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று குணாளனிடம் சொன்னேன். "ஒங்கப்பா எந்திரிக்கற வரைக்கும் அந்தக் கட்டில்லதான் இருப்பாரு." அவர் எழுந்திருக்கப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், எனக்குக் கூச்சமாகிவிட்டது.

சிவநேசன் விஷயத்துக்கு வழி யோசிக்க வேண்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

வழி மதியச் சாப்பாட்டின்போது தோன்றியது. துறையூருக்கு பஸ் ஏறினேன். தேவிகாவின் அம்மா வீடு அங்கே. வளைகாப்பு போட்டுவிட்டால் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது முறை. அதற்கு வீடு மாறுவது என்று பெயர் இல்லை. அவள் துறையூரில் இருந்தால் இங்கே எது நடந்தாலும் அவளைத் தொடாது.

அந்தம்மாள் லேசில் மசியவில்லை. ஒன்பதாம் மாதம் தையில் வருகிறது, தையில்தான் செய்வோம் என்றார். ஏழாம் மாதமும் முறைதானே, அதுவும் கார்த்திகையோடு போய்விடும், மார்கழியில் செய்ய மாட்டீர்களே என்றேன். இதெல்லாம் ஒரு ஆண்பிள்ளை வந்து பேசுகிறாரே என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சம்பந்தி வீட்டில் கேட்க வேண்டும் என்றார். சம்பந்தியிடம் சிவநேசன் பேசிவிட்டான் என்றேன். அப்போது அவன் பேசியிருக்கவில்லை. வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டுப் பேசவைத்தேன். பந்தலும் சாப்பாடும் என் செலவு என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஒருவன் தூங்குவதுபோல நடித்தான். என் வேலை இல்லை என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

வளைகாப்பு நடந்தது. எங்கள் வீட்டில் வருடம் திரும்பவில்லை என்பதால் நான் ஒதுங்கியே நின்றேன். பாத்திரம், தண்ணீர், நாற்காலி மட்டும் என் பொறுப்பு. ரெஜினா டீச்சர்தான் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார்.

புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எல்லாம் ஒரு தட்டில் வைத்து மூன்றாம் வீட்டுக்கு எடுத்துப் போனேன். கண்ணுச்சாமிக்குத் தயிர்சாதத்தில் இரண்டு வாய்தான் இறங்கியது. வண்டி ஏறும் முன் தேவிகா யாரையும் கேட்காமல் பின்பக்கமாக வந்து அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றாள். இரண்டு கையையும் கம்பிக்குள் நீட்டி வளையலை ஆட்டிக் காட்டினாள். அவர் இடது கையைத் தூக்கினார், ஏதோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை. அவள் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போனாள். தூரத்தில் நின்ற சிவநேசன் அவளைத் தடுக்கவில்லை.

டிசம்பர் 13, சனி

மோட்டார் வால்வு மாற்றினேன். மூன்றாம் வீட்டுக் குழாயைப் பார்த்தேன். கண்ணுச்சாமிக்குப் பேச்சு நின்றுவிட்டது. நான் மட்டும் பேசினேன். நெய் ரோஸ்ட் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டேன்.

ஈசிசேரில் பனி இறங்குகிறது, போர்வை போதவில்லை. உள்ளே கொசு.

டிசம்பர் 20, சனி

நேற்று எழுதவில்லை. நேற்றுக் காலை பத்தரை மணிக்குக் கண்ணுச்சாமி போய்விட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். குழாய் பார்க்கப் போகவில்லை, சும்மாதான் போயிருந்தேன். சித்ரலேகா பால் விட்டாள். ஒரு வாய் இறங்கியது, அடுத்தது இறங்கவில்லை.

பிறகுதான் சிக்கல். இந்த வீடுகளைக் கட்டும்போது பக்கத்துச் சந்தை நாலடி விடுங்கள் என்று கொத்தனார் சொன்னார். அறை பெரிதாகட்டும் என்று நான் இரண்டரை அடிதான் விட்டேன். ஐஸ் பெட்டி உள்ளே வரவில்லை. மூன்றாம் வீட்டு வாசலில் நாலு பேர் நிற்க இடமில்லை. உறவுக்காரர்கள் வண்டி வண்டியாக வர ஆரம்பித்தார்கள். பின்சந்தில் சாக்கடை ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றான் குணாளன். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதிலேயே அந்தப் பையனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

என் வீட்டுக் கூடத்தைத் திறந்துவிடச் சொன்னேன். யாரும் நகரவில்லை, நானே போய்த் திறந்தேன். ஏப்ரலுக்குப் பிறகு அந்த விளக்கை நான் போட்டதில்லை. சுவிட்ச் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடம் மறந்துவிட்டது. கால்மாட்டில் ஒரு கை வேண்டியிருந்தது. சிவநேசன் வந்து பிடித்தான். நான், அவன், குணாளன், இன்னும் இரண்டு பேர் தூக்கி வந்து கூடத்தில் படுக்க வைத்தோம். மங்கையை வைத்த அதே இடம். வேறு இடம் அந்தக் கூடத்தில் இல்லை.

ஒரு லாரிக்காரர் கூட்டமே வந்தது. என்னைச் சொந்தக்காரர் என்று நினைத்து எல்லோரும் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். நான் மறுக்கவில்லை. அழுதேன். அவருக்காக மட்டும் அழவில்லை.

ஜனவரி 5, திங்கள்

மூன்றாம் தேதி காரியம் முடிந்தது. இன்று குணாளன் சாவியைக் கொடுத்தான். அப்பாவின் ஆஸ்பத்திரிக்காகத்தான் இந்த ஊரிலேயே தங்கியிருந்தார்கள். இனி சித்ரலேகாவின் அம்மா ஊரான புதுக்கோட்டைக்குப் போகிறார்கள். மார்கழியில் வீடு மாற வேண்டாம், பத்து நாள் பொறுங்கள் என்றேன்.

"எங்களுக்கு இனிமே என்ன மார்கழி சார்," என்றாள் சித்ரலேகா.

போகும்போது அவள் என் காலில் விழுந்தாள். எழுந்து, அம்மா இருந்திருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பார்கள் என்றாள். அப்படித்தான் நானும் நினைக்கிறேன். ஆனால் அம்மா என்னிடம் சொல்லியிருப்பாளா என்று தெரியவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

மூன்றாம் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். குழாய், ஸ்விட்ச், தாழ்ப்பாள் எல்லாம் பார்த்தாயிற்று. மூன்று குடும்பம் வந்து பார்த்தது. பிடித்திருக்கிறது, தையில் பால் காய்ச்சுகிறோம் என்பார்கள். முனையில் டீ குடித்துவிட்டுப் போவார்கள். அதோடு சரி, போன் வராது. டீக்கடையில் எல்லாம் சொல்லிவிடுகிறார்கள்.

புரோக்கர் என்னைத் திட்டினான். யாராவது கேட்டால் ஆஸ்பத்திரியில் போனதாகச் சொல்லச் சொன்னான். அவர் இந்த வீட்டில்தான் போனார் என்றேன். "அப்ப இந்த வருஷம் நீங்கதான் குடியிருக்கணும்," என்று கோபமாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அவன் போய் ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். புரோக்கர் கோபத்தில் சொன்னதில் தப்பே இல்லை. முன்வீடு பெரியது, தெருவைப் பார்த்தது, அதை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். ரெஜினா டீச்சரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் குடும்பம் மாதக்கணக்கில் வீடு தேடுகிறதாம். சாயங்காலமே வந்து பார்த்தார்கள். கூடத்தில் இரண்டு பேரைக் கிடத்தியிருக்கிறோம் என்று நானே முதலில் சொன்னேன். கணக்கு டீச்சரின் கணவர் கொஞ்சம் யோசித்தார். டீச்சர், எல்லா வீட்டிலும்தான் யாராவது போயிருப்பார்கள், இவர் ஒருத்தர்தான் சொல்கிறார் என்றார். முன்பணம் கொடுத்துவிட்டார்கள்.

சிவநேசன் பிரசவம் முடிந்து மனைவியை இங்கேதான் கூட்டி வருவானாம். பக்கத்து வீட்டில் நீங்கள் இருந்தால் எங்களுக்கு என்ன பயம் என்றான்.

ஜனவரி 14, புதன்

போகி. மங்கையின் சேலைகளைத் தமயந்திக்கென்று எடுத்து வைத்தேன். பீரோவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அதற்கே பாதி நாள் போய்விட்டது. எனக்கென்று எடுத்தது ஒரு கட்டில், இரண்டு பாத்திரம், ஸ்பானர் பெட்டி.

ஜனவரி 15, வியாழன்

தை பிறந்தது. இந்த வருடம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. காலையில் முன்வீட்டில் கணக்கு டீச்சர் குடும்பம் பால் காய்ச்சியது. ஒரு டம்ளர் பாலை ரெஜினா டீச்சர் கொண்டுவந்து மூன்றாம் வீட்டில் என்னிடம் கொடுத்தார். அதுதான் என் குடிபுகுதல்.

சாயங்காலம் தமயந்தி பேசினாள். ஒப்பந்தத்தை மறக்கவில்லை. மூன்று வீட்டிலும் ஆள் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, முன்வீட்டிலும் இருக்கிறது என்றேன்.

"முன்வீட்டுலயா? அப்ப மூணாம் வீட்டுல யாருப்பா?"

"நான்தான்."

கண்ணுச்சாமி போனதை முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். விற்கச் சொல்லி ஆரம்பிப்பாள் என்று பார்த்தேன். ஆரம்பிக்கவில்லை. குரல் மாறியிருந்தது.

"ஒருத்தர் செத்த ரூமுல எப்படிப்பா தூங்குவீங்க?"

"அம்மா போனதுலேருந்து முன்வீட்டுல எப்படித் தூங்குறேன்னு நீ ஒருநாளும் கேக்கலயேம்மா," என்றேன். "தூங்கல. ஒன்பது மாசமா வாசல் நாற்காலிலதான் கெடந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எப்படியோ வந்துவிட்டது. அவள் அழுதாள். அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதது இதுதான் முதல் தடவை. இதுவரை அவள் அழுதால் நான் தைரியம் சொல்வேன், நான் தழுதழுத்தால் அவள் வீட்டை விற்கச் சொல்வாள்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சனிக்கிழமை மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

"அந்தச் சின்ன வீட்டுல எல்லாருக்கும் படுக்க எடம் இருக்குமாப்பா?"

"நெருக்கிப் படுத்தா இருக்கும்," என்றேன்.